உறை பிரிக்காத மெத்தை

மாடி அறையின் தகரக் கூரையைப் புயல் பிய்த்துக்கொண்டுபோய் எதிர் வயலில் போட்டுவிட்டது. சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று இன்சூரன்ஸ் ஆபீசில் சொல்லியிருந்ததால், செண்பகவல்லி அறையை அப்படியே விட்டிருந்தாள். இன்று வந்த சர்வேயர் கட்டிலருகே போய் நின்றார். மெத்தையின் பிளாஸ்டிக் உறைமேல் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"வாங்குனதுலேர்ந்து கவரப் பிரிக்கவே இல்லையாம்மா?"

"அவுக வந்து பிரிக்கட்டும்னு விட்டிருந்தேன் சார். மஸ்கட்ல இருக்காக. வீடு கட்டினப்புறம் இன்னும் வரல."

அவர் தண்ணீரை வழித்துவிட்டு உறையை அழுத்திப் பார்த்தார். "உள்ள ஒரு சொட்டு எறங்கல. மெத்தைய நஷ்டத்துல சேக்க முடியாது. கூரைக்கு வர்ற பணமும் வீட்டு லோன் குடுத்த பேங்குக்குத்தாம்மா போவும்."

சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து இளவழகன் கூப்பிட்டான். பணத்தைக் கடனிலேயே வரவு வைத்துக்கொள்வார்களாம் என்று அவள் சொன்னாள்.

"அப்பக் கூரைய நாந்தான் போடணும். இந்தத் தடவையும் லீவு வேணாம்னுடுறேன்" என்றான். பிறகு, "மெத்தை என்னாச்சு?" என்று கேட்டான்.

"நனையலங்க."

"அது போதும். பத்திரமா வையி."

போனை வைத்துவிட்டு மாடியேறினாள். வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. உறையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, முழுதாக உருவி எறிந்தாள். கடைவாசனை இன்னும் மெத்தையில் அப்படியே இருந்தது. முதல் தூறல் முகத்தில் விழ, கட்டிலில் பாதியை விட்டு, சுவரோரமாக ஒதுங்கிப் படுத்தாள்.