பதினாலாம் பக்கம்

மேனேஜர் கூப்பிடுகிறார் என்றதும் கிளார்க் கம்ப்யூட்டர் திரையில் இருந்ததை அவசரமாக மூடிவிட்டு எழுந்தான்.

அவனுக்கு அட்டையில் ரயில் செய்கிற பித்து. வெட்டி, மடித்து, ஒட்டி, மோட்டாரைப் பொருத்தினால் தண்டவாளத்தில் நிஜமாகவே ஓடும். பாகங்களின் படத்தை மட்டும் ஆபீஸ் பிரிண்டரில் தினம் ஒரு பக்கமாகக் கமுக்கமாக எடுத்து வந்தான். அதிலும் ஒரு தொல்லை. பிரிண்ட் கொடுத்துவிட்டு எழுந்து போவதற்குள் தாள் மாயமாகிவிடும். மறுபடி ஒரு தரம் எடுத்தால்தான் கைக்கு வரும். அதனால் நேற்று பிரிண்டர் பக்கத்திலேயே காவல் நின்று, தாளைச் சுடச்சுட உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

“கதவைச் சாத்துய்யா,” என்றார் மேனேஜர். “மூணு வாரமா என்ன பிரிண்ட் எடுக்கற?”

“ஆபீஸ் வேலைதான் சார்.”

“சக்கரமும் புகைபோக்கியுமா ஆபீஸ் வேலை?”

வேலை போச்சு என்று முடிவே கட்டிவிட்டான்.

“தப்புதான் சார். இனிமே ஒரு தாள்கூட எடுக்க மாட்டேன்.”

“எடுக்காம இருந்துதான் பாரேன், அப்புறம் தெரியும் சேதி!”

மேனேஜர் மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே, சக்கரம், புகைபோக்கி எல்லாம் கச்சிதமாக ஒட்டிய அட்டை எஞ்சின் ஒன்று வயிறு திறந்தபடி மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு குட்டி மோட்டார்.

“பதிமூணு பக்கம் ஒழுங்கா வந்துச்சு. மோட்டாரை மாட்டற பக்கத்துக்கு மட்டும் நேத்து ஏன்யா பிரிண்டரை விட்டு நகராம நின்ன?”