வால் முளைக்காத புரதம்

கேக் வெட்ட எல்லோரும் பக்கத்து அறையில் கூடிவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இன்று வெண்டெலை வழியனுப்புகிறோம். டாக்டர் பட்டம் வாங்க வந்தவன், மூன்றாம் வருடத்திலேயே முதுகலைப் பட்டத்தோடு மூட்டை கட்டுகிறான். திங்கட்கிழமை முதல் அவன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சீஸ் ஆலையில் பால் சோதிக்கும் வேலை. இங்கே விஸ்கான்சினில் அந்த வேலைக்குப் பஞ்சமில்லை.

காரணம் ஆய்வகம் முழுக்கத் தெரியும். அவனுக்குப் புரதம் வரவில்லை.

மற்றவர்களுக்கெல்லாம் வந்தது. மரபணுவை உள்ளே நுழைத்துவிட்டால் மிச்சத்தைச் செல்லே பார்த்துக்கொள்ளும். மரபணுவின் எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு மணியைக் கோக்கும். கோத்து முடித்த மாலைதான் புரதம்.

அதன் கடைசியில் ஒரு சின்ன வாலையும் கோக்கும்படி மரபணுவோடு சேர்த்து எழுதிவிடுவோம். சாயம் அந்த வாலில்தான் ஒட்டும். ஒட்டினால் படத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும்.

வெண்டெலின் படங்களில் கோடே விழவில்லை. இரண்டு வருடமும் வெள்ளை.

சூட்டைக் குறைத்துப் பார்த்தான். செல்லை மாற்றிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமையும் வந்தான். தன் மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்துத் தரச் சொல்லி, அதைச் செய்யப் போட்டிருந்த வரைபடத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டான். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"சில பேருக்குக் கைராசியே கிடையாதுப்பா. இவன் காபி போட்டாக்கூட நிறம் வராது" என்றார் எங்கள் பேராசிரியர் ரோல்ஃப், எல்லோர் எதிரிலும்.

சிரித்தோம். வெண்டெலும் சிரித்தான்.

கைராசி என்று அறிவியலில் ஒன்றும் இல்லை. ஆனால் அதை நம்பாத ஆய்வகத்தை நான் பார்த்ததில்லை. அவன் தட்டுகளுக்குப் பக்கத்தில் யாரும் தங்கள் தட்டுகளை வைக்க மாட்டார்கள். அவனுடைய இயந்திரத்தின் மேல் யாரோ திருஷ்டிக்கு ஒரு பிளாஸ்டிக் கோழியை உட்கார வைத்தார்கள். மார்ச் மாதம் அவன் ஆய்வை மதிப்பிடும் குழு கூடி, இவன் தேறமாட்டான் என்றது.

அவன் விட்டுப்போகும் குழாய்களை உறைபெட்டிப் பட்டியலில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. அதற்காகத்தான் அந்த வரைபடத்தைத் திறந்தேன். அடுத்து வருகிறவருக்கு உதவுமே என்று கடைசி வரைக்கும் உருட்டினேன்.

மரபணு முடிகிற இடம் வந்தது. அதைத் தாண்டி வால். இரண்டுக்கும் நடுவில் மூன்று எழுத்து இருந்தது. டி, ஏ, ஏ.

செல்லுக்கு அது 'போதும், நிறுத்து' என்கிற உத்தரவு. ஒவ்வொரு மரபணுவின் முடிவிலும் இப்படி ஒன்று இருக்கும். வால் வைக்கிறவர்கள் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். முதல் வருடத்துப் பாடம் இது.

எடுக்கவில்லை.

இன்னொரு முறை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

செல்கள் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கின்றன. மாலையை முழுதாகக் கோத்து, சொன்ன இடத்தில் நிறுத்தி, வாலுக்கு முன்பே இறக்கி வைத்திருக்கின்றன. இரண்டு வருடமும் வெண்டெலின் குழாய்களில் புரதம் இருந்தது. இருப்பது தெரியத்தான் வழியில்லை. அவன் ஒப்பிட்டதும் இதே வரைபடத்தோடு. தப்பைத் தப்போடு ஒப்பிட்டால் சரியாகத்தானே இருக்கும்.

அந்த மூன்று எழுத்தை எடுத்துவிட்டுத் திரும்பச் செய்ய ஒரு வாரம் போதும். விஷயம் தெரிந்தால் ரோல்ஃப் குழுவை மறுபடி கூட்டுவார். கோபக்காரர், ஆனால் நியாயக்காரர். வெண்டெலின் இடம் அவனுக்கே கிடைக்கும். இன்று சாயங்காலத்துக்குள் யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. திரையை மூடினேன்.

வெண்டெல்தான். கையில் காகிதத் தட்டு, அதில் ஒரு துண்டு கேக்.

"கிரெட்சன், நீங்க வரலையேன்னு எடுத்துட்டு வந்தேன்."

தட்டை மேசையில் வைத்தான். போகாமல் நின்றான். காதெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்காக உக்காந்து அந்த வரைபடத்த நீங்கதான் போட்டுக் குடுத்தீங்க. வேற யார் கையில கிடைச்சிருந்தாலும் வேலை செஞ்சிருக்கும். நான்தான் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"பரவாயில்ல வெண்டெல்" என்றேன். "எல்லாருக்கும் எல்லாம் அமைஞ்சிடுமா?"