நாலு விரக்கடைத் தண்ணீர்

“அண்ணாச்சி, மேல நாலு விரக்கடை உசரத்துக்குத் தண்ணி நிறுத்தியாச்சு. இந்த மூணு நாளைக்குள்ள கீழ ஒரு சொட்டு விழுந்துதுன்னா, என் கரண்டியை ஆத்துல போட்டுட்டு வேற சோலி பாக்கப் போயிருதேன்” என்றார் கொத்தனார் ஜாபேஸ்.

“வே, ஒழுகுற பேச்சை மட்டும் பேசாதேயும். கேட்டாலே போன வருசம் ஞாபகத்துக்கு வருது” என்றார் ஜவுளிக்கடைக் கருத்தையா.

வராமல் என்ன செய்யும்? டவுண் ரதவீதியில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையில் அவர் கடை. கீழே வியாபாரம், மாடியில் சரக்கு. போன வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது மாடி ஒழுகி, பட்டுச்சேலைக் கட்டுகள் நனைந்து, அரக்குச் சாயம் மஞ்சளில் இறங்கி, பச்சைச் சாயம் எல்லாவற்றிலும் இறங்கிவிட்டது. அதில் நாலைந்து சேலை இன்னும் அவர் வீட்டு ஜன்னலில் திரையாகத் தொங்குகிறது. இந்த வருஷமும் அப்படி ஆனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதனால் மழைக்கு முந்தியே கூரை வேலையில் இறங்கினார். வெள்ளைப் பெயின்ட் அடித்தால் போதும் என்றார் ஒருவர். தகரக் கொட்டகை போடுங்கள் என்றார் இன்னொருவர். தகரம் காற்றில் பறந்து யார் தலையிலாவது விழுந்து தொலைத்தால்? யோசித்து யோசித்து, பழைய தளத்தைக் கொத்தி எடுத்துவிட்டுத் தட்டோடு என்கிற சதுரச் செங்கல் ஓடு பதிக்க ஜாபேஸைப் பிடித்தார். பதித்து முடிந்ததும் வடிகுழாயைச் சாக்கால் அடைத்து, மொட்டைமாடி நிறையத் தண்ணீர் தேக்கி, மூன்று நாள் விட்டுப் பார்ப்பது ஜாபேஸின் வழக்கம்.

“சரக்கு மாடியிலயே இருக்கட்டும் அண்ணாச்சி. நான் பொறுப்பு” என்று அவர் மார் தட்டினார்.

“அதான் அவரே சொல்லுதாருல்லா? சும்மா கெடக்கதை எதுக்கு இழுத்துப் போடுதீங்க?” என்றாள் கருத்தையாவின் மனைவி பேச்சித்தாய்.

கருத்தையா கேட்கவில்லை. ஒருமுறை பட்டவர் அல்லவா? கடைசிக் கட்டு வரை அப்புறப்படுத்தி, வேறிடத்தில் வைத்துப் பூட்டி, சாவியை மடியில் முடிந்துகொண்ட பிறகுதான் மேலே தண்ணீர் விடச் சம்மதித்தார்.

முதல் நாள் காலி மாடியில் நாற்காலி போட்டு அண்ணாந்து உட்கார்ந்தார். சாயங்காலம் கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இரண்டாம் நாள் காலையில் அலறினார். “பேச்சி! ஓடி வா! ஒழுகிட்டு!”

மேல்தளத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவந்த ஜாபேஸ், முக்காலியில் ஏறித் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது.

“இது போன வருசத்துக் கறை அண்ணாச்சி. சுண்ணாம்புக்கு அடங்காம தெரியுது.”

“இல்லவே, பைய வளருது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

ஜாபேஸ் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் திட்டைச் சுற்றி ஒரு கோடு போட்டார். “இந்தக் கோட்டைத் தாண்டுச்சுன்னா கூப்பிடுங்க. தாண்டலைன்னா நிம்மதியா கஞ்சியைக் குடியுங்க.”

நிம்மதியாவது, கஞ்சியாவது! கருத்தையாவின் கண் அந்தக் கோட்டை விட்டு அகலவில்லை. மணிமுத்தாறுப் பக்கம் நல்ல மழை என்று கீழே யாரோ சொன்னது காதில் விழுந்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்தார். ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பார், ஓடிவந்து கோட்டைப் பார்ப்பார்.

“என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இப்படிக் கண்ணெடுக்காம பாக்கலையே” என்றாள் பேச்சித்தாய், தட்டை நீட்டியபடி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சோறும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜாபேஸ் வந்தார். கோடு போட்ட இடத்திலேயே கறை இருந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது. இருவரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். சாக்கை உருவியதும் கொஞ்சம் தண்ணீர் குழாயில் சலசலத்து ஓடி நின்றது.

“என்னவே, இவ்வளவுதானா?”

“புதுத் தட்டோடு குடிக்கும், மூணு நாள் வெயிலும் குடிக்கும். கீழ ஒழுகுச்சா? அதைச் சொல்லுங்க.”

“ஒரு சொட்டு விழலையே!”

சொல்லும்போதே கருத்தையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜாபேஸைக் கட்டிக்கொண்டார். கீழே இறங்கியதும் கடையிலேயே உசத்தியான வேட்டியை எடுத்து அவர் கையில் திணித்தார்.

“உம்ம பேச்சை நம்பாம சரக்கை எடம் மாத்துனேன். மனசுல வச்சுக்கிடாதேயும்” என்றவர், மடியிலிருந்த சாவியை எடுத்துப் பேச்சித்தாயிடம் நீட்டினார். “ஆளுகளைக் கூட்டிட்டுப் போயி எல்லாத்தையும் எடுத்துட்டு வா. இன்னைக்கே நம்ம மாடியில அடுக்கிப்புடணும்.”

மூன்று நாளில் முதல்முறையாகக் காப்பி ருசித்தது. பாதி குடிப்பதற்குள் பேச்சித்தாய் திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள். கையில் சுருட்டிப் பிடித்த பட்டுச்சேலை. அதிலிருந்து அரக்குச் சாயம் சொட்டுச் சொட்டாகப் படியில் விழுந்தது.

“பத்திரமா இருக்கட்டும்னு பக்கத்துக் கட்டடத்து மாடியில கொண்டு வச்சீங்கள்லா?” என்றாள். “நம்ம மொட்டைமாடித் தண்ணி பூராவும் நடுச்சுவரு வழியா அங்கனதான் எறங்கியிருக்கு.”