எவர்சில்வர் வள்ளம்

தருவைகுளத்து அல்போன்சா டவுனில் கருவாடு விற்றதும், கடைக் கண்ணாடிகளுக்குள் ஜோடித்திருப்பதைப் போனில் படம்பிடிப்பாள். சேலையில் மடித்த மயில், செருப்பில் கட்டிய கோபுரம். வீட்டில் பேச ஆளில்லாதவளுக்கு அதுதான் பொழுது.

அன்றைக்குப் பாத்திரக்கடையில் எவர்சில்வர் தட்டுகளால் வள்ளம் செய்து மூன்று பொம்மைகளை உட்காரவைத்திருந்தார்கள். படத்தில் நான்கு இருந்தன.

ஏழு மாதத்துக்கு முன் அவள் மகன் மெல்வினும் நால்வரில் ஒருவனாகத்தான் வள்ளத்தில் கடலுக்குப் போனான். மூவர் திரும்பினார்கள். அவன் உடல் கிடைக்காததால், இறந்தோர் பூசை வைக்க அவள் சம்மதிக்கவில்லை.

"அண்ணாச்சி, பொம்மை எத்தன?"

"மூணுதாம்க்கா. கண்ணாடியில கை வைக்காதிய, கருவாட்டு வாடை போவமாட்டேங்கு."

மறுபடி எடுத்தாள். இப்போது படத்திலும் மூன்றுதான். நான்காவது இறங்கிப் போயிருந்தது.

அல்போன்சா திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள். "தருவைகுளம். எனக்கு லேடீஸ் ஃப்ரீ, மகனுக்கு ஒரு டிக்கெட்டு."

கண்டக்டர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"ஏலே, படியில நிக்காத. உள்ள வா."