எழுந்து நின்ற ரத்தக் குழாய்

கால்நடை மருத்துவக் கல்லூரிப் பசு ஒன்றின் கழுத்தில் ஓர் உண்ணி குடியிருந்தது. தலையைத் தோலுக்குள் புதைத்தே வாழ்கிற பிறவி. வெளியே நடப்பது எதுவும் அதன் கண்ணில் படாது. ஆனாலும் தன்னைப் பற்றி அதற்குப் பெரிய நினைப்பு.

"என் காலடியில ஓடுற ரத்தக் குழாய் இருக்கே, என்னைக் கண்டா எழுந்து நிற்கும்" என்று புதிதாக வந்த ஈயிடம் அளந்தது. "சொல்லு, உனக்கும் இங்கே ஓர் இடம் பிடிச்சுத் தரேன்."

சொல்லி வாய் மூடுவதற்குள் குழாய் விம்மிப் புடைத்து உண்ணியை மேலே தூக்கியது. ஈ அசந்துபோய்க் கும்பிட்டது. உண்ணிக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுநிமிடமே குழாய் அமுங்கிவிட்டது.

"உட்காருன்னு நான் சொல்லவே இல்லையே!"

எட்டிப் பார்த்த ஈ தயங்கித் தயங்கிச் சொன்னது: "கழுத்துக்குக் கீழே ஒரு மாணவி இந்தக் குழாயைக் கட்டைவிரலால அழுத்தியிருந்தாங்கண்ணே. இதயத்துக்குத் திரும்புற ரத்தம் வழியில்லாம தேங்கிப் புடைச்சுதாம், வாத்தியார் சொல்றார். இப்ப விரலை எடுத்துட்டாங்க."

உண்ணிக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது.

"அட, இத்தனை நாளா ஒரு கட்டைவிரலோட மரியாதையில நான் வயிறு வளர்த்திருக்கேன்!"

சிரித்த சிரிப்பில் அதன் பிடியே தளர்ந்தது. சட்டென்று ஒரு சந்தேகம்.

"தம்பி, நான் பேசும்போதெல்லாம் பசு ஆமா ஆமான்னு தலையாட்டுமே, அதாச்சும் எனக்குத்தானே?"

ஈ முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது.

"அது எங்களை விரட்டுறதுக்குண்ணே."