புகை முட்டிய உயரம்

"பொம்பளைங்க தெருமுனையோட நின்னுக்கணும்மா" என்றார் பெரியப்பா. அம்மாவைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரே மகள் கோகிலவாணி திரும்பினாள். தலைக்கு ஊற்றிக்கொண்ட ஈரம் சொட்டச் சொட்ட, தான் வேலை பார்க்கும் வானிலை ராடார் மைதானத்துக்கு வந்து ட்ரோனை ஏற்றினாள்.

ஆற்றுக்கு அக்கரையில் சுடுகாடு. கேமராவில் பெரியப்பாவின் மகன் தெரிந்தான். சிதைக்கு முதுகைக் காட்டி நின்று கொள்ளி வைத்தான். திரும்பிப் பாராமல் நடந்தான். அம்மாவின் புகை நேராக எழும்பி, பனைகளுக்குச் சற்று மேலே எதிலோ முட்டியதுபோல் நின்று, பாயாக விரிந்தது. மார்கழி மாலைகளில் தரையோரக் குளிர்காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோலப் படுத்துக்கொள்ளும். காலை வெயில் ஏறாமல் அது திறக்காது. இத்தனை வருடமாக அவள் அளந்துவந்தது அந்த மூடியைத்தான். அவளுக்காக இன்று விலகவா போகிறது? ஆனாலும் ட்ரோனைப் புகைக்குள் விட்டு மேலும் கீழுமாகக் கலக்கினாள். ராடார் திரையில் மூடியைக் காட்டும் கோடு அசையவே இல்லை.

"மேடம், சார்ஜ் சுத்தமா இல்ல. இறக்கிடுங்க" என்றான் உடன் வேலை பார்க்கும் டேவிட்சன்.

"இறக்கத்தான் போறேன்."

அக்கரையில் எல்லோரும் கலைந்துபோயிருந்தார்கள். கோகிலவாணி ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ரிமோட்டின் விசையைக் கீழே தள்ளினாள். மேசைமேல் இருந்த திரையில் நெருப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது.

"மேடம், அங்க இல்ல! மேடம்!"

திரை கறுத்தது. ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு, அவள் திரும்பிப் பாராமல் நடந்தாள்.