எதிரே வந்த விமானம்

"இன்னிக்கு மட்டும் அந்த மனுஷன் பாதியில எழுந்து போகட்டும். அப்புறம் இந்த வீட்டுப் படியை மிதிக்க விடமாட்டேன்," என்றார் கேப்டன்.

"மெதுவாப் பேசுங்க. மருமக காதுல விழுந்துடப் போகுது. அவளுக்கு அப்பாங்க அவரு," என்றாள் மனைவி.

"இருந்துட்டுப் போகட்டும். நான் கதை சொல்றப்பதான் அவருக்கு ஜன்னல் சாத்தணும், பேத்தி தூங்குறாளான்னு பார்க்கணும். அதுவும் சரியா அந்த விமானம் எதிரே வர்ற இடத்துல! எல்லாம் வயித்தெரிச்சல். ஆயுசு முழுக்க மூட்டை ஏத்தின பைலட்தானே!"

சம்பந்தி சரக்கு விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கேப்டன் ஓட்டியது பயணிகள் விமானம். இந்த வித்தியாசத்தைக் கேப்டன் ஒரு நாளும் மறந்ததில்லை, மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை.

இன்று அவர் கையோடு ஒரு சாட்சியையே பிடித்து வந்திருந்தார். கதை நடந்த நாளில் ரேடார் முன்னால் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொன்ன கன்ட்ரோலர். போன வாரம் கண் மருத்துவமனையில், வரிசையில் யாரோ இடித்ததற்குக் கேப்டன் போட்ட சத்தத்தைக் கேட்டு, "இந்தக் குரல் எனக்குத் தெரியுமே!" என்று ஓடி வந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் வானொலியில் பேசிக்கொண்டவர்கள், முகம் பார்த்தது அன்றுதான்.

சாப்பாடு முடிந்தது. சுவரில் மாட்டியிருந்த சீருடைப் படத்துக்குக் கீழே கேப்டன் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த இடத்தில் உட்கார்ந்தாலே அவருக்கு வயது பாதியாகிவிடும்.

"அதெல்லாம் ஒரு காலம் சார்! விடியற நேரம். கீழே மேகம் பூரா வெயில் பட்டுத் தகதகன்னு இருக்கும். காக்பிட் முழுக்கக் காபி வாசனை. இப்பவும் கண்ணை மூடினா அங்கேதான் இருக்கேன்."

கன்ட்ரோலரும் பெருமூச்சு விட்டார். "எனக்கும் அந்த ஹெட்போன் இன்னும் காதுல இருக்கற மாதிரியேதான் இருக்கு."

"இறங்கிக்கிட்டிருக்கோம். திடீர்னு மோதல் வரப்போகுதுன்னு எச்சரிக்கிற மெஷின் கத்துது, 'டிராஃபிக், டிராஃபிக்'னு! பார்த்தா நேரெதிரே ஒரு சரக்கு விமானம். கண்ணு தெரியாதவன் மாதிரி வர்றான்!"

சம்பந்தி எழுந்தார்.

"காபி கொண்டு வரேன்," என்று சமையலறைக்குள் போனார்.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" கேப்டன் பல்லைக் கடித்தார். விருந்தாளி இருந்ததால் அடக்கிக்கொண்டு தொடர்ந்தார். "மெஷின் என்னை 'ஏறு, ஏறு'ன்னுச்சு. யோசிக்கவே இல்லை, இழுத்தேன் பாருங்க! என் வயித்துக்குக் கீழே சர்ருனு போனான். அத்தனை உயிரும் தப்பிச்சுது. நீங்களே சொல்லுங்க சார், நடந்ததுதானே?"

"நடந்ததுதான்..." கன்ட்ரோலர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா, நான் நிறுத்தச் சொன்ன உயரத்துல நிக்காம நீங்கதானே அதையும் தாண்டி இறங்கிட்டீங்க? அந்தச் சரக்கு பைலட் அவர் பாட்டுக்கு அவர் வழியிலதானே வந்தாரு? அதுக்காக உங்களை மறுபடி பயிற்சிக்குக்கூட அனுப்பினாங்களே."

கேப்டன் பதறிப்போய்ச் சமையலறைப் பக்கம் பார்த்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு சார்? சம்பந்தி காதுல விழுந்தா என் மானமே போயிடும்."

சொல்லிச் சொல்லிக் கதையிலிருந்து அந்தத் தப்பு எப்போதோ கழன்று விழுந்திருந்தது. இன்றைக்குக் கன்ட்ரோலர் அதை மறுபடி எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

"சரி, விடுங்க," என்றார் கன்ட்ரோலர். "உங்க மெஷின் உங்களை ஏறச் சொன்ன அதே நொடியில அவரோட மெஷின் அவரை இறங்கச் சொல்லுச்சு. மறு பேச்சில்லாம இறங்கினாரு. என்னால மட்டும் தாங்கவே முடியலை. அடுத்த விமானத்துக்குப் பேச வாயே வரலை. அப்ப வானொலியில அவரு..."

பாதியில் நிறுத்திக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காபித் தட்டோடு வந்த சம்பந்தி, அதிலிருந்த தண்ணீர்த் தம்ளரை அவரிடம் நீட்டினார்.

"பதறாதீங்க சார். முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க."

கன்ட்ரோலர் தம்ளரை வாங்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"இதே வார்த்தை! இதே குரல்! அன்னிக்கு எனக்கு இதைச் சொன்னது... நீங்களா?"

சம்பந்தி திருடி மாட்டிக்கொண்டவர் போல விழித்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார்.

கேப்டனுக்குக் காது அடைத்துப்போனது. இத்தனை வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்ட மனுஷனை ஒரு முழு வாக்கியம் பேச விட்டிருந்தால், அவருக்கும் அந்தக் குரல் பிடிபட்டிருக்கும்.

"எப்பலேருந்து தெரியும் சம்பந்தி?"

"கல்யாணப் பேச்சுக்கு வந்தப்பவே. வாசல்ல நின்னு டிரைவரைத் திட்டினீங்களே, அப்பவே. அன்னிக்கு 'ஏறுறேன், ஏறுறேன்'னு உங்க குரல் கேட்ட பிறகுதான் போன உயிர் எனக்குத் திரும்பி வந்துச்சு. அந்தக் குரலை மறப்பேனா?"

"அப்போ, நான் இத்தனை நாளா புளுகினது..."

"அந்த இடம் வந்தா என் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும். அதான் எழுந்து போயிடுவேன்."

கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லி என் வாயை அடைச்சிருக்கலாமேய்யா!"

சம்பந்தி காபியை அவர் கையில் வைத்தார்.

"உங்களுக்கு ஏறித்தான் பழக்கம், சம்பந்தி. நம்ம ரெண்டு வீடும் மோதாம இருக்கணும்னா, யாராவது ஒருத்தர் இறங்கணுமே."